ஒம்போதுன்னா என்ன சார்?

வியாழக்கிழமை காலை பத்தே கால் மணி. வழக்கம்போல ஆணி புடுங்கிக்கொண்டிருந்தேன். சின்னவன் படிக்கும் ஸ்கூலில் இருந்து போன். "சார், பதற வேண்டாம், பையனுக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா நீங்க ரெண்டு பேரும் இன்னிக்கே வந்தா நல்லது."

ஒண்ணும் ஆகலைன்னு சொன்ன பிறகு எந்த அப்பனுக்குப் பதறாமல் இருக்கும்? தங்கமணிக்குப் போன் போட்டேன். குர்காவ் டிராஃபிக்கில் ரெண்டு பேரும் தனித்தனி ஆட்டோவில் போய்ச் சேர்வதற்குள் எங்கள் மனசுக்குள் கேஸே முடிந்துவிட்டது. எவனோ நம்ம பிள்ளையை மதராசின்னு சொல்லி அடித்திருக்கான். 2004ல் இந்த ஊருக்குப் பொட்டி தட்ட வந்ததில் இருந்து இதைக் கேட்காத வருஷம் உண்டா? பெரியவள் ரெண்டாம் கிளாஸ் படிக்கும்போது டிபன் பாக்ஸில் இருந்த புளியோதரையைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள் என்று அழுதுகொண்டு வந்தவள்தானே. அதனால் இந்தப் பேச்சை எப்படி ஆரம்பிக்க வேண்டும், எந்த இடத்தில் குரலை உயர்த்த வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வெளியூர்த் தமிழ்க் குடும்பங்கள் எல்லாருக்குமே இந்த ஒத்திகை இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

கவுன்சிலர் மேடத்தின் அறை. பெங்காலி அம்மா, ஐம்பது வயசுக்குப் பக்கம் இருக்கும். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, நான் ஒத்திகை பார்த்த வசனத்தை எடுப்பதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி கேட்டார்.

"சார், ஒம்போதுன்னா என்ன?"

உச்சரிப்பு அவ்வளவு சுத்தம். தங்கமணி யோசிக்காமல், "நைன், மேம்" என்றாள்.

"அது கூகிள்லயே பார்த்துட்டேன். நைன் என்று சொல்வதில் என்ன சிரிப்பு? ஒரு பையனைப் பார்த்து மொத்த செக்‌ஷனும் ஒம்போது, ஒம்போதுன்னு சொல்றாங்க. அவன் மூணு நாளா ஸ்கூலுக்கு வரலை. கேட்டா எல்லாரும் உங்க பையனைக் கை காட்டறாங்க."

ஏசி அறையில் எனக்கு வேர்த்த கதையை எப்படிச் சொல்ல? வீட்டில் "தமிழ்ல பேசுடா, தமிழ்ல பேசுடா" என்று தலையால் தண்ணி குடித்திருக்கிறோம். பையன் தமிழ் பேசியிருக்கிறான். ஹரியானாவில் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு தமிழ் வார்த்தையைக் கற்றுக்கொடுத்திருக்கிறான். டீச்சர்களுக்குப் புரியாது, அதனால் மாட்டிக்கொள்ள மாட்டோம் என்பதுதான் அந்த வார்த்தையின் சிறப்பு. ரகசியப் பாஷை!

தங்கமணி என்னைப் பார்த்தாள். நான் மேசை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தேன். கடைசியில் நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. பெண் சாயல் உள்ள பையன்களை, திருநங்கைகளை, ஆணை விரும்பும் ஆண்களை எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டிக் கேவலப்படுத்த எங்கள் ஊரில் பயன்படுத்தும் எண் என்று இங்கிலீஷில் இழுத்து இழுத்துச் சொல்லி முடித்தேன். மேடம் ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "ஓ. இங்கே ஆறு, உங்க ஊர்ல ஒன்பதா?"

இந்தியில் அதே வேலையைச் செய்யும் வசவு 'சக்கா'. அதற்கு ஆறு என்று அர்த்தம். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு இது உறைத்ததே இல்லை.

அந்தப் பையன் செய்த குற்றம் என்ன? ஆண்டு விழாவுக்குக் கதக் ஆடப் பேர் கொடுத்தான். அவ்வளவுதான்.

திட்டு விழும் என்று காத்திருந்தோம். மேடம் ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாளும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்தார். தாளின் நடுவில் பெரிய கட்டம் போடச் சொன்னார். "சரியான ஆம்பளைப் பையன்னா எப்படி இருக்கணும்னு உங்க ஊர்ல சொல்லுவாங்களோ, அதெல்லாம் கட்டத்துக்குள்ள எழுதுங்க. உங்க பாஷையிலேயே எழுதுங்க."

எழுதினோம். அழக் கூடாது. அடித்தால் திருப்பி அடிக்கணும். அடுப்படிப் பக்கம் வரக் கூடாது. கிரிக்கெட் ஆடணும். தங்கச்சியைக் கண்காணிக்கணும். குரல் உடையணும். தங்கமணியின் தாளில் என்னுடையதை விட இரண்டு வரி அதிகம் ("சாப்பிட்ட தட்டை எடுக்கக் கூடாது" என்பது அதில் ஒன்று. யாரை நினைத்து எழுதினாள் என்று கேட்கவில்லை :-) ).

"இப்போ, இந்தக் கட்டத்தை விட்டு ஒரு பையன் வெளியே கால் வச்சா அவனை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க? அதைக் கட்டத்துக்கு வெளியே சுத்தி எழுதுங்க."

என் தாளில் முதலில் விழுந்தது அந்த எண்தான். பிறகு பொட்டை, அலி, பொம்பளைச் சட்டி. தாளை விரித்து வைத்துப் பார்த்தால் வேலி மாதிரி இருந்தது. உள்ளே இருக்கிறவனும் ஏன் வெளியே வருவதில்லை என்று தனியாக விளக்கத் தேவையே இல்லை.

இந்தக் கட்டம் அந்த மேடத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1980களில் அமெரிக்காவின் ஓக்லண்டில் ஆண்களின் வன்முறைக்கு எதிராக வேலை செய்த ஒரு குழு பள்ளிகளில் நடத்திய பயிற்சி இது. அதில் இருந்த பால் கிவெல் என்பவர் எழுதியும் பயிற்சி கொடுத்தும் உலகம் முழுக்கப் பரவியது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், டீச்சர் எதுவுமே சொல்வதில்லை. இது சரி, இது தப்பு என்று ஒரு வரி கிடையாது. எழுதுகிற கை நம்முடையது. நாம் எழுதியதை நாமே மறுத்துப் பேச முடியாது.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதே எனக்குக் கொசுவத்தி சுத்த ஆரம்பித்துவிட்டது.

1991. கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஸ்கூல், ஒன்பதாம் வகுப்பு 'பி' செக்‌ஷன். ஜன்னல் ஓரம் மூணாவது பெஞ்சில் ஒருத்தன். நடக்கும்போது கையைக் கொஞ்சம் வீசி நடப்பான். கோலம் போடுவான், மார்கழியில் அவன் அம்மாவோடு சேர்ந்து வாசலில் போட்டதை எங்களில் ஒருத்தன் பார்த்துவிட்டான். அது போதுமே. அவனுடைய வருகைப்பதிவு எண் 31. ஆனால் காலையில் வாத்தியார் எண்களை வாசித்துக்கொண்டு வரும்போது எட்டு முடிந்து ஒன்பது வந்ததும் மொத்த வகுப்பும் திரும்பி அவனைப் பார்க்கும். தினமும். நிஜமான ஒன்பதாம் எண்காரன் "உள்ளேன் ஐயா" சொல்வது சிரிப்பில் கேட்கவே கேட்காது. வாத்தியார் அதட்டுவார்தான், ஆனால் அதட்டுகிற அவர் உதட்டிலும் சிரிப்பு இருக்கும். நாங்கள் அதைப் பார்த்தோம். அவனும் பார்த்திருப்பான்.

பத்தாவது அரைப்பரீட்சைக்கு அப்புறம் அவன் வரவில்லை. பொதுத்தேர்வும் எழுதவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கணக்கில் என்னை விட நல்ல மார்க் வாங்குகிறவன்.

இது ஏதோ எங்கள் ஸ்கூல் கதை மட்டும் இல்லை என்பது பின்னால் தெரிந்தது. 2019ல் யுனெஸ்கோவின் டெல்லி அலுவலகம், சென்னையில் இருக்கும் சகோதரன் அமைப்போடு சேர்ந்து தமிழ்நாட்டில் எடுத்த ஒரு ஆய்வை வெளியிட்டது. பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினரிடம் அவர்களுடைய பள்ளி நாட்களைப் பற்றிக் கேட்டார்கள். நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டோம் என்றவர்கள் 60 சதவீதம். பள்ளி நிர்வாகத்திடம் போய்ச் சொன்னவர்கள் 18 சதவீதம்தான். பெரிய நாட்டுக் கதை இல்லை சாமி, நம்ம தமிழ்நாடு.

சரி, ஸ்கூல்களில் இதற்கு என்னதான் செய்கிறார்கள் என்று அந்த வாரம் முழுக்க ராத்திரி உட்கார்ந்து படித்தேன். (ஆபீஸ் ஆணி அப்படியே கிடந்தது.) நான் குடியிருக்கும் இதே ஹரியானாவில்தான் ஒரு பெரிய முயற்சி நடந்திருக்கிறது. சோனிபட், பானிபட், ரோத்தக், ஜஜ்ஜர் மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளில் 2014ல் தொடங்கி இரண்டரை வருஷம் பிரேக்த்ரூ அமைப்பு வகுப்பு எடுத்தது. 'தாரோன் கி டோலி' என்று பெயர். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு தடவைக்கு 45 நிமிஷம். விளையாட்டு, கதை, வாக்குவாதம். ஆராய்ச்சியாளர்கள் 314 பள்ளிகளை எடுத்து, வகுப்பு நடந்த பள்ளிகளையும் நடக்காத பள்ளிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2022ல் வெளிவந்தது. ஆண்-பெண் பற்றிய பிற்போக்கான கருத்துகளில் சுமார் ஆறில் ஒரு பங்கு மாறியது, பையன்கள் முன்பை விட அதிகமாக வீட்டு வேலை செய்கிறோம் என்று சொன்னார்கள். ஆறில் ஒன்றுதானா என்று தங்கமணி உதட்டைப் பிதுக்கினாள். கல்யாணமாகி 22 வருஷத்தில் என்னிடம் நீ எவ்வளவு மாற்றினாய் என்று கேட்டேன். பேச்சு அத்தோடு நின்றது.

பாடப்புத்தகப் படங்களும் மாறிக்கொண்டுதான் வந்திருக்கின்றன. 2019ல் மகாராஷ்டிராவின் பாலபாரதி இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து காய் ஆய்கிற படம் வந்தது. 2024ல் கேரளா மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அப்பா தேங்காய் துருவினார். பெரியவள் ஏழாவது படித்தபோது வைத்திருந்த என்.சி.இ.ஆர்.டி. சமூக அறிவியல் புத்தகத்தைப் பரணில் இருந்து எடுத்தேன். அதில் ஆண்பிள்ளையாக, பெண்பிள்ளையாக வளர்வது பற்றியே ஒரு பாடம் இருக்கிறது. 1920களின் சமோவா தீவில் சின்னப் பையன்களும் தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்தார்கள் என்று வருகிறது. அவளுக்கு அந்தப் பாடம் நடத்தியபோது கேள்வி-பதில் மனப்பாடம் செய்ய வைத்தது நான்தான். ஐந்து மார்க் கேள்வியாக மட்டும்தான் அது என் கண்ணில் பட்டது.

ஆனால் மேடத்திடம் அடுத்த தடவை பேசியபோது ஒன்று சொன்னார். பையனும் சமைக்கலாம் என்று வகுப்பில் சொன்னால் பெற்றோர் கை தட்டுவார்கள். ஒரு பையனுக்கு இன்னொரு பையன் மேல் ஈர்ப்பு வரலாம், அது நோய் இல்லை என்று சொன்னால் அன்று ராத்திரியே வாட்ஸ்அப் குரூப்பில் பத்துப் புகார் வரும். அதனால் பல ஸ்கூல்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கின்றன. கட்டத்தைப் பெரிதாக்குவார்கள், சுற்றி எழுதியிருக்கும் வார்த்தைகளைத் தொட மாட்டார்கள். எனக்கு இது சரியாகவே படுகிறது. மார்ச் எட்டாம் தேதி ரோஜாப்பூவும் கப்கேக்கும் கொடுத்து முடிக்கிற ஸ்கூல்கள்தானே நம்முடையவை.

அரசாங்கத் தரப்பிலும் இதே தடுமாற்றம். 2017ல் மத்திய சுகாதார அமைச்சகம் 'சாத்தியா' என்று வளரிளம் பருவத்தினருக்கான ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தது. பையன்கள் அழலாம், ஒரே பாலினத்தவர் மேல் ஈர்ப்பு வருவதும் இயல்பு என்று அதில் தெளிவாகவே இருந்தது. 2021 கடைசியில் என்.சி.இ.ஆர்.டி. மாற்றுப் பாலினக் குழந்தைகளைப் பள்ளியில் அரவணைப்பது பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு போட்டது. எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே இணையதளத்தில் இருந்து அது காணாமல் போனது. சென்னை உயர் நீதிமன்றம் இதற்கு வருத்தம் தெரிவித்தது.

அந்த நீதிமன்றக் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்ட வழக்கு. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், எனக்கே இதில் தெளிவு போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியல் நிபுணரிடம் தானே போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். 2021 ஜூன் 7ல் கொடுத்த உத்தரவில், பெற்றோர்-ஆசிரியர் சங்கங்கள் மூலமாகப் பெற்றோருக்கும் இதைப் புரியவைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தார். ஊடகங்களும் மற்றவர்களும் எந்த வார்த்தையைப் பயன்படுத்த வேண்டும் என்று 2022ல் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டதும் அந்த வழக்கின் தொடர்ச்சிதான். தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் என்றெல்லாம் நல்ல தமிழ் வார்த்தைகள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. என் பையனுக்குத் தெரிந்தது அந்த எண் ஒன்றுதான்.

அது அவனுக்கு எங்கிருந்து வந்தது? அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து அதட்டிக் கேட்டேன். "நீதான்ப்பா" என்றான். சத்தியமாக நான் அவன் முன்னால் சொன்னதே இல்லை. ஆனால் அவன் தமிழ் கற்றுக்கொண்டதே எப்படி? ஊரில் இருந்து தாத்தா பாட்டி வந்து தங்குவது வருஷத்துக்கு ஒரு மாசம். மற்ற நாளெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் யூட்யூபில் பார்க்கும் பழைய காமெடி சீன்கள்தான் அவனுக்குத் தமிழ் வாத்தியார். பெண் மாதிரி நெளிகிற ஒரு ஆள் வருவான், ஹீரோவின் நண்பன் அலறி ஓடுவான், நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். "நீ சிரிச்சியே, ஜோக்குதானேன்னு நினைச்சேன்" என்றான்.

அப்புறம் கேட்டான். "நீ ஸ்கூல்ல யாரையாவது அப்படிக் கூப்பிட்டிருக்கியாப்பா?"

"சே, இல்லைடா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் அவனை ஸ்கூலில் விடப் போகும்போது, சிக்னலில் வண்டி நின்றபோது முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னேன். நேத்து பொய் சொன்னேன்டா, கூப்பிட்டிருக்கேன், ஒரு வருஷத்துக்கு மேல, தினமும். ஜன்னல் ஓர பெஞ்ச், 31ஆம் நம்பர், எல்லாம் சொன்னேன். அவன் கேட்டது ஒரே கேள்வி: "அப்புறம் அவர் என்ன ஆனார்?" பச்சை விழுந்து பின்னால் ஹார்ன் அடித்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஸ்கூலில் சின்னவனை எல்லார் முன்னாலும் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைக்கவில்லை. அந்தப் பையனும் எல்லார் முன்னாலும் நிற்க வேண்டி வரும், அது இன்னொரு தண்டனை என்றார் மேடம். அவன் 'அப்படிப்பட்டவனா' என்று எந்த டீச்சரும் விசாரிக்கவும் இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, கேட்கிற உரிமை நமக்கு இல்லை என்பது அவருடைய கட்சி. நாலு வாரம், வாரம் ஒரு பீரியட். கட்டம் போட்டார்கள். பெயர் எழுதாமல் கேள்வி போட ஒரு பெட்டி வைத்தார்கள். சக்காவும் ஒம்போதும் போர்டில் எழுதப்பட்டு, அந்த வார்த்தை யாரைக் குறிக்கிறது, அவர்கள் மனிதர்களாக எப்படி வாழ்கிறார்கள் என்று ஒரு பீரியட் முழுக்கப் பேசினார்களாம். எங்களைப் போலவே இன்னும் ஆறேழு பெற்றோரைக் கூப்பிட்டு வெள்ளைத் தாள் கொடுத்திருக்கிறார். ஒருத்தர் தாளைத் தொடாமலே எழுந்து போய்விட்டாராம்.

அந்தப் பையன் ஆறாவது நாள் வந்தான். ஆண்டு விழாவில் ஆடினான். நானும் தங்கமணியும் நாலாவது வரிசையில் இருந்தோம். சின்னவனும் அவனும் சிநேகமாகிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் ஆகவில்லை. அவன் இவனைப் பார்த்தால் வேறு பக்கம் போகிறான். "அவன் இஷ்டம்ப்பா" என்கிறான் சின்னவன், முகம் சுண்டிப்போய். பின்வரிசையில் சிலர் இன்னும் ஏதோ பெயர் வைத்துத்தான் கூப்பிடுகிறார்களாம். புதுப் பெயர்.

சிக்னல் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. எங்கள் பத்தாவது செட் வாட்ஸ்அப் குரூப்பில் அவனைப் பற்றிக் கேட்டேன். முதலில் வந்த பதில், ஒரு ஒன்பதும் மூணு சிரிப்புப் பொம்மையும். ஐம்பது வயசை நெருங்குகிற ஆட்கள். "போதும்டா" என்று மட்டும் போட்டேன். குரூப்பே அமைதியாகிவிட்டது. ரெண்டு நாள் கழித்துத் தனியாக ஒருத்தன் மெசேஜ் அனுப்பினான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறானாம். போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், எல்லாரையும் பேர் சொல்லி விசாரித்தான் என்றான். நம்பரும் அனுப்பினான்.

சேவ் பண்ணப் போனபோதுதான், என்ன பெயரில் என்று கை நின்றது. அவன் பெயர் எனக்கு ஞாபகம் வரவில்லை. அந்த எண்தான் வந்தது. அம்மாவுக்குப் போன் பண்ணி, பீரோவில் இருக்கும் பத்தாவது குரூப் போட்டோவைத் தேடச் சொன்னேன். அரைப்பரீட்சைக்கு முன்னாலேயே எடுத்த போட்டோ என்பதால் அவன் அதில் இருந்தான். கீழே அச்சடித்திருந்த பெயரை அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள், இனிஷியலோடு. அப்படியே சேவ் பண்ணினேன்.

ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். ரிங் போனது, எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் அவனுக்கு லீவாம். மறுபடி கூப்பிட வேண்டும்.